தட்டணு

வகுப்பில் டெங்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
டெங்கு எல்லோருக்கும் தெரிந்தது.
நிலவேம்பு, பப்பாளி இலை,
பதினைந்து நாளில் எழுந்து உட்கார்ந்துவிடும் சொல்.
மூன்று மாதமாகியும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.
ரேவந்திகா மட்டும் ஒருமுறை
"இன்னுமாடி?" என்றாள்.
பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து
கத்திரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விலங்கியல் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா:
இரத்தத் தட்டுகளின் இயல்பான எண்ணிக்கை யாது?
ஒன்றரை லட்சம் முதல் மூன்றரை லட்சம் வரை
என்றெழுதி அடிக்கோடிட்டு
கன மில்லிமீட்டரையும் மறக்காமல் போட்டேன்.
அன்றைக்கு லோகித்துக்குப் பதினெட்டாயிரம்.

அவனுக்கு அது தட்டணு.
நர்ஸக்கா பேச்சிலிருந்து பொறுக்கிக்கொண்டது.
"தட்டணு கொறஞ்சா தட்டுவடை திங்கணும்,
பேர்லயே இருக்குல்ல?"
டாக்டரிடமே சொல்லிப் பார்த்தான்.
டாக்டர் சிரித்தார், சிரித்துவிட்டு
வெளிச் சாப்பாடு கூடாது என்றார்.
திராட்சை கூடாது, பச்சையாக எதுவும் கூடாது,
சளி பிடித்த அக்காவும் கூடாது.

ஏற்றுகிற பையில் இருப்பது சிவப்பில்லை, மஞ்சள்.
"மோர்க்கொழம்பு வந்துருச்சு" என்பான்.
ஒன்று ஓமலூர் வேன் டிரைவர் தந்தது,
ஒன்று பேர் தெரியாத பாலிடெக்னிக் பையன்.
எனக்குப் பதினாறு. பதினெட்டு ஆகணுமாம்.
கவுண்டரில் இருந்தவர்
நீட்டிய கையைப் பார்க்காமலே
"போய்ப் படிம்மா" என்றார்.

வீட்டில் ரிமோட் இப்போது எனக்கு மட்டும்.
அப்பா கொலுசுப் பட்டறையிலிருந்து
பத்து மணிக்கு வந்து
நான் வைத்த ரசம் நன்றாக இருக்கிறது என்பார்,
உப்பில்லாத நாளிலும்.

நேற்று பள்ளி விட்டதும்
அம்மாபேட்டைத் தள்ளுவண்டியில் நின்றேன்.
பசிதான்.
வேறு காரணம் சொல்ல வரவில்லை.
இரண்டு செட்.
பாட்டில் தண்ணீரில் நாலு தடவை கொப்பளித்து
ஆஸ்பத்திரிக் குழாயில்
முழங்கை வரை சோப்புப் போட்டு
மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மாடி ஏறினேன்,
யாரையோ கொன்றுவிட்டு வருகிறவள் மாதிரி.

கட்டிலுக்கு நாலடி தள்ளித்தான் நின்றேன்.
மூக்கை உறிஞ்சினான்.
"ஊது" என்றான்,
ஐந்து ரோட்டில் ராத்திரி
வண்டியை மடக்கும் போலீஸ்காரர் குரலில்.

மருந்து அவன் நாக்கை எடுத்துக்கொண்டது.
இட்லியும் ஆணி ருசி, பாலும் ஆணி ருசி.
மூக்கை விட்டுவைத்திருக்கிறது என்று
யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

அம்மா பிளாஸ்க் கழுவப் போயிருந்தாள்.
அழுவான் என்று காத்திருந்தேன்.
அழுதிருந்தால் தேவலை.
"பீட்ரூட் போட்டாங்களா?"
போட்டாங்க.
"மாங்காய்?"
சீசன் இல்லடா.
"மொதல்ல எந்தச் சட்னி?"
கீழே ஒரு தட்டுவடை,
அதுமேல பச்சைச் சட்னி,
துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம்,
அப்புறம் செவப்பு, பூண்டு தூக்கலா,
மூடி மாதிரி இன்னொரு தட்டுவடை.
சொல்லச் சொல்ல
முடியில்லாத தலையைச் சுவரில் சாய்த்து
கண்ணை மூடிக் காற்றை மென்றான்,
மெதுவாக, இடது பக்கமாக மட்டும்.
"நொறுங்குச்சா?"
நொறுங்குச்சு.
"ரெண்டாவது செட்டு?"
இரண்டு என்று நான் சொல்லவே இல்லை.

ஜன்னலில் ஏற்காட்டு மலை இருட்டிவிட்டது.
எந்தக் கொண்டை ஊசியிலோ
ஒரு வண்டி வெளிச்சம்
திரும்புவதும் மறைவதுமாக ஏறிக்கொண்டிருந்தது.
அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும்
சட்டென்று கண்ணைத் திறந்து,
"நாளைக்கு நொறுக்கல்" என்றான்.

இன்று அதே வண்டி.
நொறுக்கல் ஒண்ணு.
"பார்சலா பாப்பா?"
இல்லண்ணா, இங்கயே.
காரம் மட்டும் கம்மியாப் போடுங்க,
தம்பிக்கு வாய்ப்புண்.